ரெனுவாரின் மூன்று பந்துகள்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு மூட்டுகள் வீங்கத் தொடங்கியது 1892 வாக்கில். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1897-இல் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு நோய் மெல்ல மெல்ல அவரை வளைத்தது. கடைசிக் காலப் புகைப்படங்களில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. நகம் தோலைக் கிழிக்காமலிருக்கத் துணிப்பட்டை சுற்றியிருக்கிறார்கள். இந்தப் படங்களைப் போட்டு ‘நோயை வென்ற கலைஞன்’ என்று எழுதுவது இன்று ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. நான் ரெனுவாரைத் தேடிப் போனது பந்துக்காக.

அவருடைய மகன், சினிமா இயக்குநர் ழான் ரெனுவார், அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஓவிய அறைக்குப் போகும் முன் ரெனுவார் தினமும் காலையில் மூன்று தோல்பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிப்பாராம். நம்ம ஊர் அம்மானை மாதிரி. அது முடியாமல் போனபோது பில்போகே. நூலில் கட்டிய மரப்பந்தைத் தூக்கிவிட்டுக் குச்சியில் பிடிக்கிற, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். அதுவும் முடியாமல் போனபோது வழுவழுப்பான ஒரு சிறு மரத்துண்டு. அதைச் சுழற்றி எறிந்து பிடிப்பார். நடுவில் பில்லியர்ட்ஸும் உண்டு. விரல் விறைத்துப்போகாமல் இருக்கத்தான் இதெல்லாம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தவற்றைப் பாருங்கள்: ஒன்றுவிடாமல் எல்லாமே விளையாட்டு.

எனக்கும் அதே நோய்தான். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். பாட்டி தலைமுறையில் சரவாங்கி என்பார்கள். புத்தகத் தமிழில் முடக்கு வாதம். பெயரிலேயே தீர்ப்பையும் எழுதிவைத்த நோய்கள் தமிழில் ரொம்ப இல்லை. இருபத்தெட்டு வயதில் ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று, பதினோரு வருடம் ஆடிய ஷட்டில் ராக்கெட்டை அம்மா பரண்மேல் வைத்தாள். “இனிமே ஓடாத, மூட்டு தேஞ்சிடும்.” அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவள் சொன்னதற்குப் பின்னால் நூறு வருட மருத்துவம் இருந்தது.

வீங்கிய மூட்டுக்கு ஓய்வு கொடு: பார்த்தால் பொது அறிவு மாதிரிதான் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்த நோய்க்காரர்களை மருத்துவமனைகள் வாரக்கணக்கில் படுக்கவைத்தன, கைகால்களுக்கு அச்சு வார்த்துக் கட்டிவைத்தன. 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கை எப்படியெல்லாம் ஆளைக் கெடுக்கிறது என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டுக் கட்டுரை எழுதினார். நோயாளியை எழுப்பி உட்கார வையுங்கள் என்று கெஞ்சாத குறை. 1966-இல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்து அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தபோது தெரிந்தது: முப்பது வருட முதுமை அவர்களுடைய உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது. ஆரோக்கியமான பையன்களுக்கே இந்த கதி.

இடையில் 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் குழு, படுத்த படுக்கையாக இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டது. ஒரே வாரத்தில் அவர் எழுந்து கடைத்தெருவுக்குப் போய் வந்தார். வழக்கமாக இந்தக் கதையை 1950 நோபல் பரிசோடு முடித்து, பக்கவிளைவுகளைப் பற்றி இரண்டு வரி சேர்ப்பார்கள். எனக்குக் கடைத்தெருதான் முக்கியம். உடம்பு கொஞ்சம் இடம் கொடுத்ததும் அந்தப் பெண் டாக்டர் சொல்கிற பயிற்சியைச் செய்யப் போகவில்லை, ஆசைப்பட்ட இடத்துக்குப் போனார்.

ஓய்வுக் கொள்கை தளர்ந்த பிறகும் உடற்பயிற்சி மாத்திரை மாதிரிதான் வந்தது: முட்டியை மடக்கு, பத்து எண்ணு, நீட்டு. எனக்கும் அப்படி ஒரு தாள் கொடுத்தார்கள், குச்சி மனிதர்கள் வரைந்தது. நான்கு நாள் செய்தேன்.

அப்புறம்தான் 2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றைப் படித்தேன். இந்த நோய் உள்ள 309 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வருடம், வாரம் இரண்டு முறை, 75 நிமிடக் கடும்பயிற்சி. சைக்கிள், அடுத்து தசைக்கான பயிற்சிகள், மூன்றாவதாக விளையாட்டு. வாலிபால், பாட்மின்டன் எல்லாம் அதில் உண்டு! இரண்டு வருட முடிவில் அவர்களுடைய இயங்கும் திறன் கூடியிருந்தது, நோயின் வீரியம் கூடவில்லை. ஒரு எச்சரிக்கையும் இருந்தது: பெரிய மூட்டுகள் ஏற்கெனவே நன்றாகச் சேதமானவர்களுக்கு அந்தச் சேதம் கூடக்கூடும். என் எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் அந்த வரியைத்தான் முதலில் கேட்டேன். முட்டியும் தோளும் தப்பித்திருந்தன. “வீக்கம் இல்லாத நாள்ல ஆடுங்க” என்றார்.

ராக்கெட் கைப்பிடியில் இரண்டு சுற்று கூடுதலாக கிரிப் சுற்றினேன், விரல் முழுசாக மடங்க வேண்டியதில்லை. பழைய செட் ஆட்கள் யாரும் இப்போது இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடுதான் ஆட்டம். “அக்கா, மெதுவா போடவா?” என்று ஒருத்தன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஸ்மாஷ் போய்விட்டது. மணிக்கட்டு தாங்காது. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ழான் எழுதிய இன்னொரு சம்பவம் நினைவுக்கு வரும். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ரெனுவாரை நடக்கவைப்பேன் என்று ஒரு மருத்துவர் வந்தார். சத்தான உணவு, பயிற்சி. ஒருநாள் தூக்கி நிறுத்தினார். ரெனுவார் உண்மையிலேயே ஈசலைச் சுற்றி நடந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். பிறகு சொன்னாராம், நடப்பதற்கே மன பலம் முழுக்கச் செலவாகிறது, வரைய மிச்சமில்லை, இரண்டில் ஒன்று என்றால் வரைவதே போதும் என்று. அதன் பின் அவர் நடக்கவே இல்லை. அந்த மருத்துவருக்கு இது தோல்வியாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது, மிச்சமிருக்கும் காசை எதில் செலவழிப்பது என்று தெரிந்த ஆளின் கணக்கு.

என் கணக்கு இப்படி: ஞாயிறு ராத்திரி மீத்தோட்ரெக்சேட். திங்கள் முழுக்கக் குமட்டல், வீட்டு வேலைகூடப் பாதிதான். செவ்வாய் காலை விரல் விறைப்பு எத்தனை மணிக்கு விடுகிறது என்று பார்ப்பேன். எட்டு மணிக்குள் விட்டால் அன்று சாயங்காலம் ஆட்டம், நெட் பக்கமாக நின்று டிராப் மட்டும். அந்த ஒருத்தன் இன்னும் என் டிராப்பை எடுத்தபாடில்லை.