கட்டபொம்மன் படமும் கண்டோர் கருத்தும்

1799 அக்டோபர் 16. கயத்தாற்றில் பாளையக்காரர்கள் ஒரு காட்சியைக் காண்பதற்காக வரவழைக்கப்பட்டிருந்தனர். விரும்பி வந்தவர்கள் அல்லர்; மேஜர் பானர்மேனின் ஆணைக்குப் பணிந்து வந்தவர்கள். பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கில் தொங்குவதைக் கண்ணாரக் கண்டால், கும்பினிக்கு எதிராக இனி எவரும் வாளெடுக்கத் துணியார் என்பது அந்தப் படைத்தலைவனின் கணக்கு.

160 ஆண்டுகள் கழிந்தன. 1959 மே மாதம் அதே காட்சியைக் காணத் தமிழ் மக்கள் தாமே சீட்டு வாங்கிக் கொட்டகைகளில் கூடினர். முன்னவர்கள் அஞ்சுவதற்காகக் கூட்டப்பட்டனர்; பின்னவர்கள் நிமிர்வதற்காகக் கூடினர். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தைப் பற்றி அன்று தொட்டு எழுந்துவரும் கருத்துகளை எடைபோட, இந்த வேறுபாடே தக்க படிக்கல்லாகும்.

கூத்திலிருந்து கொட்டகைக்கு

கட்டபொம்மன் கதையைத் திரைப்படம் புதிதாகப் படைத்துவிடவில்லை. தென்பாண்டிச் சீமையில் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் அது நெடுங்காலம் வழங்கிவந்தது. நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்து அறிஞருலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். சிவாஜி கணேசன் சிறுவயதில் கம்பளத்தார் கூத்தில் இக்கதையைக் கண்டே நடிப்பின்பால் ஈர்க்கப்பட்டார். கூத்தைப் பார்த்த சிறுவனே பின்னாளில் கட்டபொம்மனாகத் திரையில் நின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் 1957-இல் சேலத்தில் அரங்கேறியது. அதுவே பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப்படமாயிற்று. கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதியிருந்த ம. பொ. சிவஞானம் படத்தின் கதையாக்கத்தில் துணைநின்றார். ஜி. ராமநாதன் இசையமைத்தார். போர்க்களக் காட்சிகளுக்காகப் படக்குழு செய்ப்பூர்வரை சென்றது.

போற்றியவர்கள்

படத்தைக் கண்டோரின் முதற்கருத்து எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் உரையாடலைச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தனர். பள்ளி ஆண்டு விழாக்களில் அட்டைக் கத்தியும் மையால் வரைந்த மீசையுமாக எத்தனையோ கட்டபொம்மன்கள் தோன்றினர். திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே அந்த வசனம் முழங்கியது. எழுதப் படிக்க அறியாதவரும் அடுக்குத்தொடரை ஏற்ற இறக்கத்தோடு சொல்லும் ஆற்றலை அதன்வழிப் பெற்றனர். ஒரு தலைமுறைக்கே அது செந்தமிழ்ப் பாடமாயிற்று என்பது மிகையன்று.

1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சூயசுக் கால்வாய்ப் போரைக் கண்டு நான்கே ஆண்டுகள் ஆன நகரம் அது. அந்நியன் கேட்கும் கப்பத்தை மறுக்கும் ஒருவனின் சினத்தை உணர, அந்த மக்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

மறுத்தவர்கள்

மறுப்புரைகளும் வலுவானவையே. நடிப்பு மிகை, வசனம் மேடைத்தன்மை உடையது என்றனர் ஒருசாரார். கட்டபொம்மன் விடுதலை வீரனே அல்லன் என்றனர் மற்றொரு சாரார். தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்றே நூலுக்குத் தலைப்பிட்டார். வீட்டில் தெலுங்கு பேசும் மரபில் வந்தவனைத் தமிழ் வீரனாகக் காட்டலாமா என்ற வினாவும் எழுந்தது. அவன் கதையைப் பாடிக் காத்தவை தமிழ்க் கதைப்பாடல்களே என்பதை அவ்வினா எழுப்பியோர் மறந்தனர்.

வரலாற்று நோக்கில் கூறப்படும் குறை இன்னும் கூர்மையானது. படம் காட்டுவது வரியே தர மறுத்த மன்னனை. ஆவணங்கள் காட்டும் நிலை அதனினும் சிக்கலானது. 1798-இல் அவன்மீது காட்டப்பட்ட நிலுவை 3,310 வராகன். அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் இராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்து, கணக்குப் பார்க்கப்பட்டபோது எஞ்சியிருந்தது 1,080 வராகனே. ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, அங்கும் மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டான் கட்டபொம்மன். கைகலப்பு மூண்டது; கிளார்க் என்னும் படையதிகாரி மாண்டான். பின்னர் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் ஜாக்சனின் செயலே தவறாகத் தோன்றியது. அவன் பதவி இழந்தான்.

பெரும்பகுதி வரியைச் செலுத்திய ஒருவன், அவமதிப்பைப் பொறாமல் கிளர்ந்தெழுந்தான் என்பதே இதன் பொருள். இதனால் அவன் பெருமை குறைந்துவிடாது. முழங்கும் மன்னனைவிட, நின்று நின்று பொறுமை இழந்த மனிதன் நமக்கு நெருக்கமானவன் அல்லவா?

ஒரு பெயரின் துயரம்

படம் விளைத்த மிகப் பெரிய விளைவு ஒரு சொல்லில் உள்ளது. ‘எட்டப்பன்’ என்பது எட்டயபுரப் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிய பெயர். இன்று அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல். மேடையிலும் தெருவிலும் அவ்வசை பரவியதில் திரைப்படத்திற்குப் பெரும் பங்குண்டு.

எட்டயபுரத்தார் கும்பினியின் பக்கம் நின்று கட்டபொம்மனைப் பிடிக்க முனைந்தது உண்மை. ஆனால் அவனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். பழி முழுவதும் ஒரு பெயர்மீதே ஏறிவிட்டது. உமறுப்புலவரைப் போற்றிய அவை அந்த எட்டயபுர அவை. சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் ‘பாரதி’ என்னும் பட்டம் கிடைத்ததும் அங்கேதான். சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர்கள், ஒரு சொல் எத்தனை தலைமுறையைச் சுடும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

பகைவன் எழுதிய இறுதிக் காட்சி

தூக்கிலிட்ட மறுநாள் பானர்மேன் சென்னை அரசுக்குக் கடிதம் எழுதினான். கடற்கரை நிலையத்திற்கு அடுத்ததாகத் தாம்பரம் மின்வண்டிப் பயணிகள் அறிந்திருக்கும் புனித சார்ச்சுக் கோட்டைதான் அன்றைய அரசின் இருக்கை. விசாரணை நெடுகிலும் கட்டபொம்மன் அஞ்சாமல் செருக்கோடு நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு நோக்கியதையும் அக்கடிதம் பதிவு செய்கிறது. இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்தபடி அவன் உறுதியாக நடந்தான். வாய் பேச இயலாத தம்பியைப் பற்றி மட்டுமே கவலை தெரிவித்தான். மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வெளியேறாமல் அதனைக் காத்தே மடிந்திருக்கலாம் என்று வருந்தினான்.

இதில் வீர வசனம் இல்லை. ஒரு பார்வை, ஒரு கவலை, ஒரு வருத்தம், அவ்வளவே. தூக்கிலிட்டவனே எழுதிய சான்று என்பதால், எந்தப் புகழுரையினும் இது நம்பத்தக்கது.

அவன் கவலைப்பட்ட தம்பியே ஊமைத்துரை. 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டான். அவன் காட்டிய சைகை ஒவ்வொன்றையும் மக்கள் தெய்வவாக்காகக் கொண்டனர் என்று, அவனை எதிர்த்துப் போரிட்ட வெல்சு என்னும் அதிகாரியே எழுதி வைத்தான். வாய்ச்சொல் இல்லாமலே ஒரு படை திரண்டது. அவ்வாண்டு நவம்பரில் அவனும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டான்.

முடிவாக

2015-இல் இப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது, பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்ற முதியோர் வசனத்தை உடன் சொன்னார்கள். அவர்கள் வரலாறு படிக்கச் செல்லவில்லை. கயத்தாற்றில் பேச வாய்ப்பின்றி நின்ற ஒருவனுக்கு, பின்வந்த தலைமுறை கொடுத்த குரலைக் கேட்கச் சென்றார்கள். அந்தக் குரல் வரலாறு அன்று. வரலாற்றுக்கு மக்கள் சொன்ன மறுமொழி.

மறுமொழியையே வரலாறாகக் கொள்வது பிழை. வரலாறு இல்லை என்று மறுமொழியை எள்ளுவதும் பிழை. முழக்கத்தைத் திரை தந்தது. மௌனத்தை ஆவணம் காத்தது. இரண்டையும் ஒருங்கே கேட்கும் செவி வாய்ப்பதே கவிஞர்க்குப் பேறு.