காமா கதிர் வெடிப்பும் எறியாமல் வைத்த பதிவுகளும்



அறிவியல் வரலாற்றை மாணவர்க்குக் கதையாகச் சொல்லும்போது நம்மில் பலர் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அணுகுண்டுச் சோதனைகளை ஒற்றறிய அமெரிக்கா அனுப்பிய செயற்கைக்கோள்கள் 1967ஆம் ஆண்டில் மர்மமான கதிர்வீச்சு ஒன்றைக் கண்டன; சோவியத்து ஒன்றியம் நிலவுக்குப் பின்னால் குண்டு வெடித்துவிட்டது என்று அதிகாரிகள் அஞ்சினர்; அச்செய்தி ஆறு ஆண்டுகள் இராணுவ இரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டது. கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் அதில் பாதிதான் உண்மை. மறுபாதியில் உண்மையாக நடந்தது வகுப்பறைக்கு இதைவிடப் பெரிதும் பயன்படக்கூடியது என்பது என் கருத்து. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதனை அறிந்துகொள்ளவே இப்பதிவை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. 1963 ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத்து ஒன்றியம் ஆகிய மூன்றும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. காற்று மண்டலத்திலும், விண்வெளியிலும், நீருக்கடியிலும் அணுகுண்டுகளை வெடித்துச் சோதிப்பதில்லை என்பதே அதன் சாரம். எதிர்த்தரப்பு சொன்ன சொல்லைக் காக்குமா என்று எவ்வாறு அறிவது? அக்டோபரில் உடன்படிக்கை நடப்புக்கு வந்த ஒரு வாரத்திற்குள் அமெரிக்கா முதல் இரண்டு வேலா செயற்கைக்கோள்களை ஏவியது. (நாம் முருகனை விளித்து அழைக்கும் ‘வேலா’ அன்று இது, காவல் காத்தல் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லின் வழிவந்த பெயர்.) இவை இரண்டிரண்டாக, பூமியிலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், எதிரெதிர்ப் பக்கங்களில் சுற்றிவந்தன. நிலவுக்குப் பின்னால் ஒரு குண்டு வெடித்தாலும், விரிந்து பரவும் அதன் கதிரியக்க முகிலிலிருந்து எழும் காமா கதிர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் அத்திட்டத்தில் அடங்கும். ஆகவே நிலவு பற்றிய அச்சம் கட்டுக்கதை அன்று.

இனி மறுபாதி. வேலாவின் கருவிகளை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரே கிளீபசாடல் என்னும் ஆய்வாளர் பணியாற்றினார். அவருக்கு அளிக்கப்பட்ட வேலை குண்டைத் தேடுவது மட்டும் அன்று. விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா நிகழ்ச்சியில் காமா கதிர்கள் வெளிப்படலாம் என்றும், அதனைக் குண்டென்று தவறாகக் கருதிவிடக் கூடாது என்றும் ஸ்டர்லிங் கோல்கேட் என்னும் இயற்பியலாளர் எச்சரித்திருந்தார். எனவே செயற்கைக்கோள்கள் பதிவு செய்தவற்றுள் குண்டுக்குரிய அடையாளம் இல்லாதவற்றையும் அவர்கள் எறியாமல் சேர்த்து வைத்தனர்.

1969இல் கிளீபசாடலும் அவருடைய சக ஆய்வாளர் ராய் ஓல்சனும் பழைய பதிவுகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தனர். இருவேறு செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் எதையேனும் உணர்ந்தனவா என்பதே கேள்வி. 1967 ஜூலை 2ஆம் நாளில் அத்தகைய ஒன்று அகப்பட்டது. அது குண்டாக இருக்க முடியாது என்பது அதன் வடிவத்திலேயே தெரிந்தது. குண்டின் காமா ஒளி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தேய்ந்துபோகும். இதுவோ ஒரு முறை சட்டென்று எழுந்து தணிந்து, மீண்டும் எழுந்து சில நொடிகள் நீடித்திருந்தது. அந்நாளில் சூரியனில் குறிப்பிடத்தக்க கொந்தளிப்பு எதுவும் இல்லை. சூப்பர்நோவா எதுவும் காணப்படவில்லை.

அப்படியானால் உடனே வெளியிட வேண்டியதுதானே? இங்கேதான் எனக்கு அம்மனிதர்மீது மதிப்பு உயர்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத நிலையில் அதனை விண்ணிலிருந்து வந்தது என்று எப்படி அறிவிப்பது? காமா கதிரை வில்லையால் குவிக்க இயலாது. கருவி, ‘ஏதோ வந்தது’ என்று சொல்லுமே தவிர ‘இங்கிருந்து வந்தது’ என்று காட்டாது. ஆனால் நேரத்தைத் துல்லியமாக அளந்தால் திசை கிடைக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழை முதலில் எந்தப் பக்கத்து ரப்பர் மரங்களில் இரைகிறது, பிறகு எந்தப் பக்கம் கேட்கிறது என்பதைக் கொண்டே அது வரும் திசையைச் சொல்லிவிடுவோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வதால், இரண்டு செயற்கைக்கோள்களை அது அடையும் நேர வேறுபாடு ஒரு நொடிக்கும் குறைவு. 1969இலும் 1970இலும் ஏவப்பட்ட வேலா 5, வேலா 6 ஆகியவையே ஒரு நொடியை 64 கூறாக்கி அளக்கும் திறன் பெற்றிருந்தன.

அவற்றின் பதிவுகளில், 1969 ஜூலை முதல் 1972 ஜூலை வரை 16 வெடிப்புகள் அகப்பட்டன. திசைகளைக் கணக்கிட்டபோது அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது உறுதியாயிற்று. 1973 ஜூனில் கிளீபசாடல், இயன் ஸ்டிராங், ஓல்சன் மூவரும் தங்கள் கட்டுரையை வானியற்பியல் ஆய்விதழில் வெளியிட்டனர். இச்செய்தி இரகசியமாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை என்று கிளீபசாடலே பின்னாளில் தெளிவுபடுத்தியுள்ளார். தாமதத்திற்குக் காரணம் பூட்டு அன்று, அளவுக்கருவி.

அடுத்து எழுந்த கேள்வி, எவ்வளவு தொலைவு என்பது. இதற்கு விடை காண மேலும் 24 ஆண்டுகள் ஆயின! அருகில் நிகழ்வதெனில் சிறிய வெடிப்பு. தொலைவில் நிகழ்வதெனில் நினைத்துப் பார்க்க முடியாத பெரிய வெடிப்பு. இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள் முளைத்தன. 1991 ஏப்ரலில் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கலம், ஜெரால்டு ஃபிஷ்மன் குழுவினர் அமைத்த கருவிகளைக் கொண்டு நாளுக்கு ஏறத்தாழ ஒன்று என, 2000ஆம் ஆண்டு வரை 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை பால்வீதியின் பட்டையை ஒட்டிக் குவியவில்லை. வானெங்கும் ஒரே சீராகச் சிதறியிருந்தன. இதைக் கொண்டே அவை பால்வீதிக்கு வெகு அப்பால் நிகழ்பவை என்று போதான் பச்சின்ஸ்கி வாதிட்டார். பால்வீதியைச் சூழ்ந்த பரந்த வெளியில் திரியும் நியூட்ரான் விண்மீன்களே காரணம் என்றார் டொனால்டு லாம். 1995 ஏப்ரலில் வாஷிங்டனில், மார்ட்டின் ரீஸ் தலைமையில் இருவரும் மேடையேறி வழக்காடினர். நம் பட்டிமன்றம் போன்றதுதான். ஆனால் தீர்ப்பு வானத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

வந்தது. 1997 பிப்ரவரி 28ஆம் நாள் இத்தாலிய, டச்சு நாட்டினரின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைக் கண்டது. எட்டு மணி நேரத்தில் அதன் எக்ஸ் கதிர்க் கருவிகள் அத்திசைக்குத் திருப்பப்பட்டு, அணைந்துகொண்டிருந்த மிச்ச ஒளியைப் பிடித்தன. யான் வான் பாரடைஸ் குழுவினர் லா பால்மா தீவின் தொலைநோக்கியால் அதே இடத்தில் மங்கும் ஒளிப்புள்ளியைக் கண்டனர். அதே ஆண்டு மே 8ஆம் நாள் வெடிப்பின் ஒளியை ஹவாயின் கெக் தொலைநோக்கியால் பகுத்தாய்ந்த மார்க் மெட்ஸ்கர் குழுவினர், அது ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது எனக் காட்டினர். பச்சின்ஸ்கி சொன்னதே சரி. நம் சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கு நிகரானதைச் சில நொடிகளில் கொட்டித் தீர்க்கும் நிகழ்ச்சி இது.

1998 ஏப்ரல் 25ஆம் நாள் வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் ஒரு சூப்பர்நோவா தென்பட்டது. 2003 மார்ச்சில் மற்றொரு வெடிப்பு இத்தொடர்பை உறுதிசெய்தது. கோல்கேட் எண்ணிய முறையில் இல்லாவிடினும், அவர் தேடச் சொன்ன உறவு இருக்கத்தான் செய்தது. நீண்ட வெடிப்புகளுள் பெரும்பாலானவை, மாபெரும் விண்மீனின் நடுப்பகுதி இடிந்து கருந்துளையாகும்போது பீறிடும் ஒளித்தாரைகள். இரண்டு நொடிக்கும் குறைவான குறு வெடிப்புகளின் மூலமும் 2017 ஆகஸ்டு 17ஆம் நாள் வெளிப்பட்டது. 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலை பூமியை அடைந்து 1.7 நொடிகளில், ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறு வெடிப்பைப் பதிவு செய்தது.

இவ்வெடிப்புகளுக்குப் பெயரிடும் முறையை மாணவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். கண்டறிந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் கொண்டே பெயர் அமைகிறது. 970228 என்று எழுதிவிட்டு அது எந்த நாள் என்று கேட்டால், நான்காம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லிவிடும். 221009 என்றும் கேட்டுப் பாருங்கள். 2022 அக்டோபர் 9ஆம் நாள் வந்த அவ்வெடிப்பே இதுவரை பதிவானவற்றுள் மிகவும் ஒளிமிக்கது. ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த பின்னும், அது நம் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் அளக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்கிவிட்டுச் சென்றது.