ஒமேகாவெர்ஸ்: காதல் கதைக்குள் கட்டாயம் நுழைந்தால் அதற்கு என்ன பெயர்?

மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. மூணாறு கூட்டத்துக்குப் பயந்து, டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் தாண்டி வட்டவடையில் ரூம் போட்டிருக்கிறீர்கள். பூண்டு, கேரட் வயல்கள் மேல் மழை கொட்டுகிறது. வெளியே போக வழியில்லை. போனில் டவுன்லோட் பண்ணி வைத்த ரொமான்ஸ் நாவலைத் திறக்கிறீர்கள். பத்தாவது அத்தியாயத்தில் ஹீரோ அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறையில் பூட்டுகிறான். அவள் தனக்குச் சொந்தம் என்கிறான். கதை இதைக் காதல் என்கிறது. உங்களுக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது. ஆனாலும் கை தானாகப் பதினோராவது அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

அந்த உறுத்தல் எதனால், அதை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த உறுத்தல் மிக வெளிப்படையாகத் தெரியும் ஒரு கதை வகையிலிருந்து தொடங்குவோம்.

ஒமேகாவெர்ஸ் அப்படீன்னா என்ன?

இது ஒரு கற்பனை உலகம். இங்கே ஆண், பெண் என்ற பிரிவோடு இன்னொரு பிரிவும் பிறப்பிலேயே வருகிறது: ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா. ஆல்ஃபா பலசாலி, அதிகாரம் செய்பவர். பீட்டா நம்மைப் போல சாதாரண ஆள். ஒமேகா கருத்தரிக்கக் கூடியவர். பெரும்பாலான கதைகளில் சமூகத்தின் கீழ்ப்படியில் இருப்பவர். ஆண் ஒமேகாவும் பிள்ளை பெறலாம். ஒவ்வொருவருக்கும் தனி வாசனை உண்டு. அதை வைத்தே ஜோடி தெரிந்துவிடும். ஒமேகாவுக்குக் குறிப்பிட்ட நாட்களில் 'ஹீட்' எனப்படும் உடல் வேட்கை வரும். அந்த வாசனை ஆல்ஃபாவின் நிதானத்தைக் குலைக்கும். ஆல்ஃபா கழுத்தில் கடித்தால் இருவருக்கும் ஒரு பிணைப்பு விழும். பல கதைகளில் அதை அறுக்கவே முடியாது.

இந்த விதிகளுக்கு ஒரே ஓனர் கிடையாது. 2010 வாக்கில் 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்க டிவி தொடரின் ரசிகர்கள் எழுதிய கதைகளில் உருவாகி, மற்ற ரசிகர் கூட்டங்களுக்குப் பரவியது. பிறகு காசு கொடுத்து வாங்கும் நாவலாக, காமிக்ஸாக வளர்ந்தது. 2018-ல் அடிசன் கெய்ன் என்ற எழுத்தாளரின் தரப்பு, ஸோயி எல்லிஸ் என்ற இன்னொரு எழுத்தாளரின் புத்தகம் தன்னுடையதைப் போலவே இருக்கிறது என்று புகார் கொடுத்து விற்பனைத் தளங்களிலிருந்து அதை நீக்க வைத்தது. விஷயம் கோர்ட் வரை போனது. பொதுச் சொத்தாக இருக்கும் கதை விதிகளுக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா என்ற கேள்வி பெரிதாகி, 2020-ல் நியூயார்க் டைம்ஸ் வரை செய்தியானது.

'இயற்கையே அப்படித்தான்' என்பது உண்மையா?

இந்த உலகத்தின் அடித்தளம் ஓநாய்க் கூட்டம் பற்றிய ஒரு பழைய நம்பிக்கை. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டதால் அவை சண்டை போட்டு மேல், கீழ் தீர்மானித்தன. 1970-ல் டேவிட் மெக் எழுதிய புத்தகம் இந்த 'ஆல்ஃபா' கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்த பிறகு 1999-ல் தன் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். நாம் ஆல்ஃபா என்று சொல்வது அப்பா, அம்மாவைத்தான். சண்டை போட்டு சிம்மாசனம் பிடித்த கதையெல்லாம் இல்லை. அதாவது, அடைத்து வைத்தால் வரும் நடத்தையை நாம் 'இயற்கை' என்று எடுத்துக்கொண்டோம். ஹீரோ ஹீரோயினைப் பூட்டி வைக்கும் கதைகளைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே உறுத்துகிறது?

முதல் இடம், சம்மதம். ஹீட் வந்த ஒமேகாவின் உடல் வேண்டும் என்கிறது. மனம் வேண்டாம் என்கிறது. கதை எதைக் கேட்கிறது? பல கதைகள் உடலைக் கேட்டுவிட்டு, மனம் பின்னால் வந்து ஒத்துக்கொள்ளும் என்கின்றன.

இரண்டாவது, பொறுப்பு. வாசனை வந்ததால் ஆல்ஃபாவால் தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால், தப்பு யார் மேல்? நம் ஊரில் இந்த வாதத்துக்கு வாசனை தேவைப்படவில்லை. டிரெஸ், நேரம், இடம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. கடித்துவிட்டால் பிணைப்பு அறுபடாது. பிடிக்கவில்லை என்றால் எங்கே போவது? நான்காவது, உரிமை கொண்டாடுவது. எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று கண்காணிப்பதை அக்கறை என்று காட்டுவது.

ஆனால் இதே விதிகளை எதிர்ப்பக்கமாகத் திருப்பியும் எழுதுகிறார்கள். ஒமேகா என்பதால் வேலை கிடைக்காதது, ஹீட்டை அடக்கும் மாத்திரை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார் என்று அலசும் கதைகள் உண்டு. ஆண் உடலுக்குள் கர்ப்பத்தையும் பயத்தையும் வைத்துப் பார்க்கும்போது, பெண்கள் தினமும் சுமப்பது என்ன என்பது சில வாசகர்களுக்கு முதல்முறையாகப் புரியலாம். எனவே வகையே தப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு கதையும் என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்ம கதைகளில் இது இல்லையா?

ஓநாய் வாசனையை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது தமிழில் நன்கு பழகிய கதைதான். ஆன்லைனில் தமிழ் நாவல் படிப்பவர்களுக்கு 'ஆன்ட்டி ஹீரோ' என்ற சொல் புதிதல்ல. பழிவாங்கத் தாலி கட்டுபவன், மிரட்டிக் கல்யாணம் செய்பவன், கடைசி அத்தியாயத்தில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்பவன். கழுத்தில் விழும் கடிக்குப் பதில் இங்கே மூன்று முடிச்சு. விழுந்தால் அறுக்க முடியாது என்ற விதி மட்டும் ஒன்றே.

1989-ல் வந்த பார்த்திபனின் 'புதிய பாதை' படத்தில், திருமணத்துக்கு முன் ஒரு பெண்ணை ஒரு ரவுடி பலாத்காரம் செய்கிறான். அவள் அவனைத் தேடி வந்து, அவனையே கணவனாக்கி, மனிதனாகத் திருத்துகிறாள். படம் கொண்டாடப்பட்டது, தேசிய விருதும் பெற்றது.

இதற்கு ஏறக்குறைய 20 வருஷம் முன்பே ஜெயகாந்தன் இதே முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்தார். 1966-ல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருவனின் காரில் ஏறி, அவனிடம் சிக்கிக்கொள்கிறாள். வீடு திரும்பியவளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, உன் மேல் களங்கமில்லை என்று அணைத்துக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், தாய் அப்படி அணைக்காமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று எழுதினார். கங்கா அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் அவனோடு சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாவல் ஆறுதல் சொல்வதில்லை. கெடுத்தவனையே கணவனாக ஏற்பதுதான் தீர்வு என்று சொல்லும் சமூகத்தைக் கேள்வி கேட்கிறது. 1972-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

கிட்டத்தட்ட ஒரே கரு. ஒன்று நடந்ததற்குக் காதல் என்று பெயர் வைக்கிறது. இன்னொன்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறது.

கதைதானே, அதனால் என்ன?

2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் சிறுமியாக இருந்தபோது பலாத்காரத்துக்கு ஆளாகி, குழந்தையும் பெற்ற ஒரு பெண். குற்றவாளிக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவர் மேல்முறையீடு செய்தபோது, அந்தப் பெண்ணோடு சமரசம் பேச வசதியாக நீதிபதி அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தார். அந்தப் பெண்ணோ, எனக்குச் சமரசம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 1-ம் தேதி, இன்னொரு வழக்கில், பலாத்கார வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அதே மாதத்தில் சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஒரு நாவலோ படமோ இந்த உத்தரவை எழுதவில்லை. ஆனால் அவனையே கட்டிவைத்தால் முடிந்தது என்ற எண்ணம் கதையிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் திரும்பத் திரும்பக் கேட்டால், அது நியாயம் போலவே ஒலிக்க ஆரம்பிக்கும்.

தொல்காப்பியர் வைத்த பெயர்

இப்போது மறுபடி வட்டவடைக்கு வாருங்கள். நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் பக்கத்திலேயே குறிஞ்சிமலை சரணாலயம் இருக்கிறது. நீலக்குறிஞ்சிக்காக 2006-ல் வட்டவடை, கொட்டக்காம்பூர் பகுதியில் அறிவிக்கப்பட்டது, சுமார் 32 சதுர கி.மீ. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அந்தப் பூவின் பெயரைத்தான் பழந்தமிழர் மலையில் நிகழும் காதல் சேர்க்கைக்கு வைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளியில் ஐந்து படித்தோம்.

ஆனால் தொல்காப்பியர் சொன்ன அகத்திணை ஏழு. ஒரு ஓரத்தில் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல். மறு ஓரத்தில் பெருந்திணை, பொருந்தாக் காமம். பெருந்திணைக்குள் நாலு வகை சொல்கிறார்: காதலி கிடைக்கப் பனை மடலில் குதிரை செய்து ஏறி ஊரறியச் செய்வது, வயது பொருந்தாத உறவு, நிதானம் இழந்த மிகைக் காமம், காமத்தால் வரும் வன்மை. கடைசியதை வலிந்து கூடுவது என்று விளக்கும் உரைகளும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இப்படி நடப்பதே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாட வேண்டாம் என்று தடையும் போடவில்லை. ஆனால் குறிஞ்சியோடு சேர்த்து எழுதாமல், தனிப் பெயர் வைத்தார்.

ஏறக்குறைய அதே வேலையைத்தான் இன்று ரசிகர் கதைகளின் பெரிய தளமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' செய்கிறது. 2009-ல் பொதுமக்களுக்குத் திறந்த இந்தத் தளம் 2019-ல் ஹியூகோ விருது வாங்கியது. அங்கே கதை போடுபவர் பலாத்காரம், கடும் வன்முறை, சிறார் தொடர்பான பாலியல் உள்ளடக்கம், முக்கியப் பாத்திரத்தின் மரணம் ஆகியவை உண்டா என்று குறிக்க வேண்டும், அல்லது எச்சரிக்கை தர விரும்பவில்லை என்றாவது சொல்ல வேண்டும். 'டப்கான்' என்று போட்டிருந்தால், இதில் சம்மதம் சந்தேகத்துக்குரியது என்று அர்த்தம். இந்தக் குறிகள் கதையை நல்லதாக்காது. ஆனால் உள்ளே போகலாமா என்ற முடிவை உங்கள் கையில் கொடுக்கின்றன.

அப்போ படிக்கலாமா, கூடாதா?

படிப்பதால் யாரும் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. நிஜத்தில் கட்டுப்பாடு நம் கையில் இல்லாத பயத்தை, எந்த நேரமும் மூடி வைக்கக்கூடிய புத்தகத்தில் தொட்டுப் பார்ப்பது பலருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. தேடிப்பிடித்துத் தன்னைத்தான் வேண்டும் என்று ஒருவர் சொல்வதைக் கேட்கும் ஆசையும் மனித ஆசைதான். படிக்கும்போது இந்தக் கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்:

• நடந்தது கட்டாயம் என்று கதைக்குத் தெரியுமா, அல்லது அதைக் காதல் என்று என்னிடம் விற்கிறதா?

• அவள் வேண்டாம் என்று சொன்னதற்குக் கதையில் ஏதாவது விளைவு இருக்கிறதா?

• அவளுக்குச் சொந்தப் பணம், நண்பர்கள், திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா?

• அவன் திருந்துவதற்கான வேலையை யார் செய்கிறார்கள், அவனா அவளா?

• இதே விஷயத்தை என் தங்கை என்னிடம் சொன்னால் நான் என்ன சொல்வேன்?

கதைக்கு வெளியே சட்டம் என்ன சொல்கிறது?

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி, சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ தெளிவாக, தானாக முன்வந்து தெரிவிப்பது. உடலால் எதிர்க்கவில்லை என்பதே சம்மதம் ஆகிவிடாது. பயத்தாலோ போதையிலோ கிடைத்த சம்மதம் சம்மதமல்ல என்கிறது 28-வது பிரிவு. விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், ஆன்லைனில் கண்காணிப்பதும் 78-வது பிரிவில் குற்றம்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால், 63-வது பிரிவு அதைப் பலாத்காரம் என்று சொல்வதில்லை. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இந்த விதிவிலக்கு பற்றி இருவேறு தீர்ப்புச் சொல்ல, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனாலும் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாலியல் கொடுமையும் வன்முறைதான். பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம்.

மழை விட்டதும் போனை மூடிவிட்டு வெளியே நடக்கலாம். கதை கதையாகவே நின்றுவிட்டால் நல்லது. படித்த காட்சி உங்கள் வீட்டையோ, உங்கள் தோழியின் வீட்டையோ நினைவுபடுத்தினால், கடைசி அத்தியாயத்தில் அவன் திருந்துவானா என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பெண்கள் உதவி எண் 181.