முதல் மலைச் சைக்கிள்: இணையத்தில் வாங்குவதா, பக்கத்துக் கடையிலா?

சுங்கை வே: ஸ்ரீ செத்தியா என்று பெயர் மாறினாலும் நம்மவர்களின் வாயில் இந்த ஊர் இன்னமும் சுங்கை வேதான். புக்கிட் கியாரா காட்டுப் பாதைகளும் புத்ராஜெயா சவால் பூங்காவும் எட்டும் தூரத்தில் இருப்பதால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் மலைச் சைக்கிள் வாங்க நினைக்கும் இளையோருக்கு ஒரு கேள்வி வருகிறது. செயலியில் விலை குறைவாகத் தெரிகிறது. கடையில் அதே பணத்துக்குச் சுமாரான சைக்கிள்தான் நிற்கிறது. எதை நம்புவது?

இணையத்தின் லாபம்

ஷாப்பி, லஸாடா போன்ற தளங்களில் பல மாடல்களை ஒரே நேரத்தில் ஒப்பிடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளென்றால் வரியையும் கணக்கில் சேருங்கள். 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

மலைச் சைக்கிள் போலத் தோன்றுவதெல்லாம் மலைச் சைக்கிள் அல்ல. தடித்த டயரும் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்கும் இருந்தாலும், சில மலிவு சைக்கிள்களின் சட்டத்திலோ கையேட்டிலோ கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். படத்தில் அது தெரியாது. எடை குறிப்பிடப்படவில்லை என்றால் விற்பனையாளரிடம் கேளுங்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

26, 27.5, 29 அங்குலம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சக்கரத்தின் அளவு. உங்கள் உடலுக்குப் பொருந்த வேண்டியது சட்டத்தின் அளவு. பொதுவாக 155 முதல் 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு எஸ், 165 முதல் 175 வரை எம், அதற்கு மேல் எல் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். சைக்கிளின் மேல் குழாயைக் கால்களுக்கு இடையில் வைத்து நின்றால், குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். இதைக் கடையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

இணையத்தில் வாங்கும் சைக்கிள் பெரும்பாலும் பாதி பூட்டிய நிலையில் வரும். முன்சக்கரம், ஹேண்டில், பெடல், இருக்கை ஆகியவற்றை நாமே பூட்ட வேண்டும். இங்கே தவறினால் விழுவது பணம் மட்டுமல்ல.

இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் வலுக்கட்டாயமாகத் திருகினால் கிராங்கின் மரையே கெட்டுவிடும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவதும் நடக்கிறது. டிஸ்க் பிரேக் என்றால், ஓட்டுபவரின் இடப்பக்கம் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் ஆணி தளர்ந்திருந்தால் இறக்கத்தில் ஹேண்டில் திரும்பிவிடும்.

பிரேக்கையும் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளில் வலக்கைதான் முன் பிரேக். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த சைக்கிள்களில் இடக்கை முன் பிரேக்காக இருப்பதுண்டு. பழக்கத்தில் இடக்கையை அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் முன்னே விழலாம்.

கடைக்காரரின் கைவேலை

புதிய சைக்கிளின் கேபிள்கள் முதல் சில வாரங்களில் தளரும். கியர் தடுமாறும், பிரேக் பிடிப்பு குறையும். வாங்கிய கடையென்றால் தவுக்கேயிடம் கொண்டுபோனால் சரிசெய்து தருவார். முதல் சர்வீஸ் இலவசமா என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இப்படிக் கணக்குப் போடலாம். இணையத்தில் 900 வெள்ளி, கடையில் 1,050 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 150. அனுப்பும் செலவு, பூட்டுக்கூலி, முதல் சர்வீஸ் ஆகியவற்றைக் கூட்டினால் அந்த 150 எவ்வளவு மிஞ்சும்? ஹெல்மெட், விளக்கு, பூட்டு, காற்றடிக்கும் பம்பு எங்கே வாங்கினாலும் தனிச் செலவு. இவற்றைச் சேர்த்துக் கேட்டால் கடைக்காரர் விலையில் கொஞ்சம் குறைப்பதும் உண்டு.

பொருள் பழுதானால்

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது. விற்பனையாளர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்பவரின் பெயரும் முகவரியும் தெரியாமல் யார் மீது மனு கொடுப்பது? பதிவு எண், தொடர்பு விவரம் இல்லாத இணையக் கடையை விட்டுவிடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது காணொளி எடுத்து வையுங்கள். சரிபார்க்கும் முன் செயலியில் 'பெற்றுக்கொண்டேன்' என்பதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும்.

எது யாருக்கு?

உங்கள் அளவு தெரியும், அல்லன் சாவியும் ஸ்பேனரும் கையில் உண்டு, முன்பே சைக்கிள் பூட்டிய பழக்கம் இருக்கிறது என்றால் இணையத்தில் துணிந்து வாங்கலாம். முதல் சைக்கிள், காட்டுப் பாதையில் ஓட்டும் எண்ணம், பூட்டத் தெரியாது என்றால் கடையே நல்லது. கடையில் ஏறிப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இணைய விலையைக் காட்டிப் பேரம் பேசுங்கள். டியூப், விளக்கு, கையுறை போன்ற சில்லறைப் பொருள்களுக்குச் செயலி போதும். பிரேக்கைப் பூட்டும் வேலையைத் தெரிந்தவர் கையில் விடுவதே பாதுகாப்பு.