காற்றை எடைபோடும் கம்பி

காரின் பானெட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவே ஓடும் கருப்புக் குழாயில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சென்சார் செருகியிருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் அதை எம்.ஏ.எஃப். சென்சார் என்பார்கள். எஞ்சினுக்குள் நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று சொல்வதே அதன் வேலை. ‘ஃபில்டர் மாத்தினேன், குழாய் மாத்தினேன், வண்டி பறக்குது’ என்ற பேச்சை உரசிப் பார்க்க, காருக்குள்ளேயே இருக்கும் உரைகல் அது.

அதற்கு மூலமான சூடான கம்பியின் பிறப்பு காரில் நிகழவில்லை. 1914-இல் கனடாவின் மான்ட்ரியாலில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெசோ கிங் என்ற இயற்பியலாளர் மெல்லிய பிளாட்டினக் கம்பிகளை மின்சாரத்தால் சூடாக்கி, ஓடும் காற்றில் அவை எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றன என்று அளந்து ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். ஊதினால் சூடு ஆறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு வேகமாக ஊதினால் எவ்வளவு ஆறும் என்பதைச் சமன்பாடாக்கியது அவர் உழைப்பு. கம்பி இழக்கும் வெப்பம் காற்று வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது என்ற அந்த விதி இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

அடுத்த சில பத்தாண்டுகள் கம்பி விமானவியல் ஆய்வுக்கூடங்களில் வாழ்ந்தது. 1929-இல் அமெரிக்காவில் டிரைடன், கியூத்தி என்ற ஆய்வாளர்கள் காற்றின் நொடிப்பொழுது படபடப்பை அதைக்கொண்டு அளந்தார்கள். கம்பி சூடாகி ஆறுவதில் ஏற்படும் தாமதத்தை மின்சுற்றால் ஈடுகட்டினார்கள். புழுதியும் அதிர்வும் நிறைந்த கார் எஞ்சினுக்கு இவ்வளவு நொய்மையான பொருளைக் கொண்டுவரலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

காருக்கு வந்த வழி சுற்றுவழி. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக், குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றை மதிப்பிட்டது. 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக்கில் ஸ்பிரிங் மாட்டிய ஒரு மடல் இருந்தது. காற்று அதைத் தள்ளும், தள்ளிய கோணமே அளவு. ஆனால் அளக்க வந்த மடலே காற்றின் வழியில் குறுக்கே நின்றது. மலைமேல் காற்று மெலியும்போது எடைக் கணக்கும் பிசகியது. 1980-களின் தொடக்கத்தில் பாஷ் தன் எல்.எச்.-ஜெட்ரானிக்கில் மடலை எடுத்துவிட்டு கிங்கின் கம்பியை வைத்தது. வால்வோ கார்கள் அதை முதலில் ஏற்றவற்றுள் சேர்ந்தவை. அந்தக் கம்பி 70 மைக்ரோமீட்டர் தடிமன், அதாவது ஒரு தலைமுடி அளவு. எஞ்சினை அணைத்ததும் ஒரு நொடி சுமார் 1000 டிகிரிக்குச் சூடேறி, தன்மேல் படிந்த அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. பின்னாளில் கம்பி போய் மெல்லிய படலம் வந்தது, தத்துவம் மாறவில்லை; அதனால் கம்பி என்றே சொல்கிறேன்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் ஓ.பி.டி.-2 என்ற தன்னாய்வு முறை கட்டாயமானது. அதோடு கம்பியின் சொல் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட் வழியாக வெளியே வந்தது. இன்று சின்ன அடாப்டர் ஒன்றைச் செருகினால் செல்போனிலேயே படிக்கலாம்.

படிப்பதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 75 லிட்டர் காற்றை விழுங்க இடம் கொடுக்கிறது. லிட்டருக்கு 1.2 கிராம் என்றால் 90 கிராம். டர்போ இல்லாத சாதாரண எஞ்சின் முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 76 கிராம். புதிய ஃபில்டர் போட்டதும் திரை 90-ஐத் தாண்டிக் காட்டினால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

ஏனென்றால் கம்பி எஞ்சினின் காற்று முழுவதையும் தொடுவதில்லை. தான் நிற்கும் இடத்தில் உரசிப்போகும் காற்றைக் கொண்டுதான் மொத்தத்தைச் சொல்கிறது. அந்தக் கணக்கு, அது முதலில் இருந்த குழாயின் விட்டத்துக்கு எழுதப்பட்டது. 70 மில்லிமீட்டர் குழாயிலிருந்து எடுத்து 76 மில்லிமீட்டர் குழாயில் செருகினால், குழாயின் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாக ஓடும், கம்பி 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி எரிபொருளைக் குறைக்கும். சைலன்சர் பக்கம் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் திருத்தும். சீரான வேகத்தில் ஓட்டும்போது, அந்தத் திருத்தத்தைக் காட்டும் ஃபியூயல் ட்ரிம் என்ற எண் பிளஸ்ஸில் ஏறி நின்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் தடவிய ஃபில்டரிலிருந்து எண்ணெய் பெயர்ந்து கம்பியில் படிந்தாலும் இதே கதைதான்.

ஆகவே கம்பியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. இரண்டாவது சாட்சி மிக மலிவானது. கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ‘யு’ வடிவில் வளைத்துச் சிறிது தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்து விடுங்கள். ‘யு’வின் இரு கைகளும் ஒரு மீட்டருக்குமேல் உயரமாக இருக்கட்டும், தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே உள்ள உயர வித்தியாசமே ஃபில்டரும் பெட்டியும் தரும் தடை. வளிமண்டல அழுத்தம் முழுவதும் ஏறக்குறைய 1033 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். வித்தியாசம் 20 சென்டிமீட்டர் என்றால், தடையை அடியோடு ஒழித்தாலும் கிடைக்கப்போவது 2 சதவீதக் காற்று.

அந்த 2 சதவீதத்தைச் சூடு விழுங்கிவிடும். 30 டிகிரிக் காற்றுக்குப் பதில் 40 டிகிரிக் காற்றை இழுத்தால் எடை 3 சதவீதம் குறைகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத்தில் திறந்த கோன் ஃபில்டர் மாட்டுபவர்கள், கம்பெனி ஏன் குழாயை முன்பக்கம் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோனது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். உறுமல் கூடுவதும் ஏமாற்றும். அந்தப் பெட்டியின் வேலைகளில் ஒன்று சத்தத்தை அடக்குவது. அது போனதும் காதுக்குத்தான் வண்டி வேகமாகிறது.

மைலேஜ் கூடும் என்பதும் பொய்க்கணக்கு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு எஞ்சின்களில் அடைபட்ட ஃபில்டர்கூட மைலேஜைப் பெரிதாகக் கெடுக்கவில்லை, பிக்கப்பைத்தான் கெடுத்தது. மெதுவாக ஓட்டும்போது காற்றை மறிப்பது திராட்டில்தான். ஃபில்டரில் வழி விட்டால் அது இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அவ்வளவே.

நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தக் கம்பியே இல்லை, அழுத்தம் பார்க்கும் சென்சார்தான். அவற்றுக்குத் தண்ணீர்க் குழாயும் காற்றின் வெப்பநிலை எண்ணும் போதும். எந்தக் கார் ஆனாலும் மூடிய தடத்தில், ஒரே கியரில், ஒரே வெப்பத்தில், ஓட்டுபவர் ஒருவரும் எண் குறிப்பவர் ஒருவருமாகச் சோதியுங்கள். முதலில் பழைய பெட்டி, அடுத்து புதியது, மறுபடி பழையது. மூன்றாவது ஓட்டம் முதலாவதோடு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் கிடைத்த லாபத்துக்கு மதிப்பில்லை. அதனால், புதிய ஃபில்டர் மாட்டிய அன்றே பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.