பிளேட்லெட் எங்கே போகுது?

2004-ல, சம்பா நடவு நேரம். பாபநாசத்துல இருந்த என் அத்தை பையனுக்கு அப்போ ஆறு வயசு. கால் முழுக்கச் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். வயல்ல ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு அப்பாயி மஞ்சள் பூசினாங்க. மறுநாள் ஈறுல ரத்தம். தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓடினா, பிளேட்லெட் 8,000. குறைஞ்சது ஒன்றரை லட்சம் இருக்கணும். "தலையில அடிபடாம பாத்துக்கங்க, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சா கஷ்டம்"னு டாக்டர் சொல்லிட்டார். மூணு மாசம் அத்தை அவனை வரப்புல கால் வைக்க விடலை.

நோயின் பெயர் ஐ.டி.பி. 1735-லயே வெர்ல்ஹாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரிச்சிட்டார். ஆனா காரணம் தெரியலை. எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டைச் செய்யவே இல்லையா, இல்ல செஞ்சதை யாரோ அழிக்கிறாங்களா? 1916-ல பிராக் நகரத்து மருத்துவ மாணவர் காஸ்னெல்சன், மண்ணீரலை எடுத்துப் பாருங்கன்னு யோசனை சொன்னார். பலன் கிடைச்சது. ஏன்னு மட்டும் அப்போ யாருக்கும் விளங்கலை.

1950. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐ.டி.பி. வந்த ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தன் உடம்புலயே ஏத்திக்கிட்டார். எங்க பாஷையில சொன்னா, நேரா புரொடக்‌ஷன்ல டெஸ்ட்! சில மணி நேரத்துல அவர் பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போச்சு, வலிப்பும் வந்தது. ஆனா அவர் மஜ்ஜை நல்லாத்தான் இருந்தது. அப்போ எதிரி அந்த ரத்தத்துலயே இருக்கு: நம்மளையே தாக்குற எதிர்ப்பு சக்தி. ஒரு வாரத்துல தேறினார். இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதுக்கு அனுமதி தராது.

1981-ல சுவிட்சர்லாந்தின் இம்பாக், ஆரோக்கியமானவங்க ரத்தத்துலேர்ந்து பிரிச்ச இம்யூனோகுளோபுலினைக் குழந்தைகளுக்கு ஏத்தினதும் பிளேட்லெட் சட்டுனு ஏறுதுன்னு 'லான்செட்'ல எழுதினார். ஆயிரக்கணக்கானவங்க பிளாஸ்மாவைச் சேர்த்துச் செய்றது, அதனால விலை அதிகம்.

இந்தக் குழந்தைகள்ல மூளையில ரத்தக்கசிவு வர்றது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு. அந்தக் கணக்கைச் சொல்லி எந்த அத்தையையும் தூங்க வைக்க முடியாது. கடுமையான தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐப்யூபுரோஃபென் வேண்டாம். "ஒரு ஊசி போட்டு விடுங்க"ன்னு கேட்கவும் வேண்டாம், தசையில போடுற ஊசி இவங்களுக்கு ஆகாது.

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்கள்ல தானே சரியாயிடும். அவனுக்கும் அப்படித்தான் ஆச்சு. அத்தை அதை இன்னிக்கும் வைத்தீஸ்வரன் கோயில் கணக்குலதான் எழுதுறாங்க.