செக்ரோலில் இல்லாதவர்கள்: ஊவாத் தோட்டங்களில் அனர்த்த முன்னேற்பாடும் ஆட்கணக்கும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டம் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு மேலே இருந்த மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மீது மலை சரிந்தது. லயங்களோடு கோயிலும் புதைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும் பல நாள் விடை கிடைக்கவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். அடுத்து இருநூறை ஒட்டிய ஓர் எண் செய்திகளில் ஓடியது. முகாம்களில் இருந்தவர்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த பிறகே, இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 37 பேர் என்ற கணக்குக்கு அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை அவசர வேளையின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் மீரியபெத்தையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தடயம் இல்லை என்பது என் கருத்து. ஒரு லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும் இரவு யார் யார் படுத்துறங்குகிறார்கள் என்று சொல்லக்கூடிய ஏடு தோட்டத்திலும் இருக்கவில்லை, அரச அலுவலகத்திலும் இருக்கவில்லை. பொதுச் சுகாதாரத் துறையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தொண்டு நிறுவனங்களும் எவ்வளவு திட்டம் தீட்டினாலும், அந்த ஏடு இல்லாவிட்டால் அந்தத் திட்டத்துக்குக் கால் இல்லை.

ஆபத்து தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சரிவு குடியிருக்கத் தகுந்ததல்ல, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலும் எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 பெய்தால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 பெய்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். வாய்க்கால் தண்ணீர் திடீரெனக் கலங்குவதும், நிலத்தில் வெடிப்பு விடுவதும், மரங்கள் சாய்வதும் என்னவென்று மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அறிவு இரு பக்கமும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு ஆள் இல்லாமல் கிடந்தது.

தோட்டத்தில் ஆட்கணக்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நூறு ஆண்டுக்கு மேலாக மிகக் கறாராக இருக்கிறது. அதன் பெயர் செக்ரோல். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் யார் வந்தார், யாருக்கு எந்த மலை, யார் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், யாருக்கு அரைப்பேர், யாருக்கு முழுப்பேர் என்பதெல்லாம் அதில் பிசகாமல் ஏறும். ஆனால் அது உழைப்பின் கணக்கு. ஓய்வுபெற்றுக் காம்பராவின் மூலையில் படுத்திருக்கும் பாட்டி அதில் இல்லை. பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தை இல்லை. கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் தீபாவளிக்கு வீடு வந்த மகன் இல்லை. மலை சரியும்போது முதலில் சிக்குகிறவர்கள், காலையில் மலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் இவர்கள்தான்.

இது தற்செயலாக விட்டுப்போனதன்று. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் இலங்கையில் தொடக்கம் முதலே முதலாளியின் பொறுப்பாக எண்ணப்பட்டு வந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டுச் சட்டங்களும் அந்த எண்ணத்தில் பிறந்தவை. தமிழகக் கரையிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர டிக்கெட் தொங்கியது. கொலராவும் கொள்ளைநோயும் தீவுக்குள் வராதிருக்க மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். நோய்க்கு எதிரான முன்னேற்பாடாக அது அந்தக் காலத்துக்கு மிகத் தேர்ந்த ஒன்றுதான். ஆனால் அது காத்தது தீவை. வந்தவரை அது ஆளாக எண்ணியது கரையில் மட்டுமே. தோட்டத்துக்குள் போனதும் அவர் செக்ரோலில் ஒரு பேராக ஆனார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, குடும்பநல மாதரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தபோதும், தோட்டத்தின் எல்லையோடு பெரும்பாலும் நின்றுகொண்டது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதன் பிறகு வாக்காளர் இடாப்பிலும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. குடியுரிமை பெறாமல் எஞ்சியிருந்தவர்களின் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பிறகும் உள்ளூராட்சியின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆக, மீரியபெத்தை புதைந்த ஆண்டில் அந்த லயத்துக்கு ஒரு வடிகால் வெட்டவும் பிரதேச சபை சட்டத்தைப் பார்த்துத் தயங்க வேண்டியிருந்தது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்ட நிர்வாகத்தின் கையில், எச்சரிக்கை கொழும்பிலிருந்து. குடியிருப்பவர் பெயரில் எதுவுமே இல்லை.

எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதன் விலையையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாள் சம்பளம் 620 ரூபாயாக இருந்தது. அதில் அடிப்படை 450, விலைப்பங்கு 30, மிச்சம் 140 வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நான்கில் மூன்று பங்கு வந்தவருக்குத்தான் அந்த 140. மழைக்காலத்தில் மூன்று முறை வீட்டைக் காலி செய்துகொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தால், போன நாட்களின் சம்பளத்தோடு அந்த மாதம் முழுவதற்குமான கொடுப்பனவும் போய்விடக்கூடியதாக இருந்தது. மக்கள் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று எழுதுகிற அறிக்கைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அது என்னை உறுத்துகிறது.

குடும்பநல மாதின் கைப்பைக்குள் இருப்பதை இனி அருகில் வைத்துப் பார்க்கலாம். தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு ஒன்று அதில் இருக்கும். மகப்பேற்று வயதில் பெண் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஓர் இலக்கம், ஒரு பக்கம். எத்தனை பிள்ளைகள், எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, தாய்க்கு என்ன நோய் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் அடங்கும். கர்ப்பிணியின் அட்டை இரண்டு படி. ஒன்று தாயிடம், மற்றது மாதிடம். தாயின் படி மண்ணில் புதைந்தாலும் மாதின் படி மிஞ்சும். ஆனால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் பெரியவர்களின் நிலை வேறு. அவர்களுடைய கிளினிக் கொப்பி வீட்டில்தான் இருக்கும். வீடு போனால் அதுவும் போகும். முகாமில் வைத்தியர் முன் உட்கார்ந்து, காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, ராவைக்கு ஒரு சின்னக் குளிசை என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டியதுதான். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதுவும் போய்ச் சேராது. ஹல்துமுல்ல இருமொழி நிர்வாகப் பிரிவு என்று வர்த்தமானியில் உண்டு. ஆனால் முகாமில் வர்த்தமானி மொழிபெயர்க்காது. உறவுகளை இழந்தவரிடம் ஆறுதல் பேச வருகிறவருக்கு மொழி தெரியாவிட்டால் அது ஆறுதலும் ஆகாது.

ஆகவே முன்னேற்பாட்டுக்கு வேண்டிய ஏட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாதின் பதிவேட்டில் தாய்மாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைக் காம்பராவின் வரவு இடாப்பில் குழந்தைகள் இருக்கிறார்கள். செக்ரோலில் தொழிலாளர் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரின் இடாப்பில் வாக்காளர் இருக்கிறார்கள். ஒன்றிலும் இல்லாமல் போகக்கூடியவர்கள் தனித்து வாழும் முதியவர்களும் வெளியே போய் வருகிறவர்களும். நான்கையும் ஒரு மேசையில் விரித்து, லயம் வாரியாகச் சேர்த்தெழுத ஒரு வாரம் போதும். தடை வேலையின் அளவில் இல்லை. தோட்ட வைத்திய உதவியாளர் கம்பனிக்குப் பதில் சொல்கிறார், மாது சுகாதார வைத்திய அதிகாரிக்கு, கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலாளருக்கு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது நலத்திட்டங்களைக் கவனிக்க அமைத்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் நான்காவது வரிசையில் நிற்கிறது. மேசைக்கு இவர்களை அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை எந்தத் திட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை.

கடலின் மறுகரையில், கேரளத்தில் நடந்ததும் இதையே காட்டுகிறது. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றை ஊராகக் கொண்ட தமிழர். தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி வெளியுலகுக்கு எட்டியதே மறுநாள்தான். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் சிதைந்தபோது, கேரள அதிகாரிகள் குடும்ப அட்டைகளையும் வாக்காளர் பட்டியலையும் பள்ளிப் பதிவுகளையும் ஒப்பிட்டுக் காணாமற்போனோரின் வரைவுப் பட்டியலை வெளியிட்டு, மக்களிடமே திருத்தம் கேட்டார்கள். இறப்பு அங்கே பல மடங்கு. ஆனாலும் யாரைத் தேடுகிறோம் என்று பெயர் சொல்லித் தேட முடிந்தது. கையில் பல இடாப்புகள் இருந்ததும், அவற்றைச் சேர்க்க ஒருவருக்கு அதிகாரம் இருந்ததுமே அதற்குக் காரணம்.

மீரியபெத்தையில் எஞ்சியவர்களுக்கு 2016 ஒக்டோபரில் மகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. அதுவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டு முகாமாக மாறிய தேயிலைத் தொழிற்சாலையில் வாழ்ந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயங்கள் சரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கூடுதலாகப் பறிகொடுத்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி, மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற அதே கேள்வி.

அந்த நான்கு ஏடுகளிலிருந்தும் சேர்த்தெழுதும் இடாப்பை மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளைகளை நிறுக்கும் நாளில் திருத்தலாம். அன்று எப்படியும் தாய்மார் எல்லோரும் பிள்ளைக் காம்பராவுக்கு வருவார்கள். வீட்டில் யார் புதிதாக வந்திருக்கிறார், யார் போயிருக்கிறார், யாரால் நடக்க முடியாது, யார் என்ன குளிசை குடிக்கிறார் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. எழுதிய இடாப்பு கர்ப்பிணியின் அட்டையைப் போல இரண்டு படியாக இருக்க வேண்டும். ஒரு படி லயத்தில், மழைமானியைப் பார்த்து மழையளவைக் கவனிக்கும் ஒரு தொண்டரின் கையில். மற்றது சரிவுக்கு வெளியே, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் அலுமாரியில், மலை வந்தாலும் எட்டாத இடத்தில்.